குளுவாங் சக்கரக்காரி செல்லம்

செல்லம் ஒரு சக்கரத்தை விற்கும்போது முதலில் அதன் குறையைத்தான் சொல்லுவாள்.

"இதுல மூணு கம்பி நான் மாத்துனது. இந்த எடத்துல பாருங்க, மேல்பூச்சு உரிஞ்சிருக்கு. மழைத் தண்ணி பட்டா துரு ஏறும். வாரத்துக்கு ஒருக்கா எண்ணெய் தொட்டு வைங்க" என்பாள். வாங்க வந்தவரின் முகம் சுருங்கும். அதற்குப் பிறகுதான் சக்கரத்தை அச்சில் பிடித்துத் தூக்கி, விரலால் மெல்லத் தட்டிவிடுவாள். அது சத்தமில்லாமல் சுற்றும். நின்றுவிட்டது என்று நினைக்கும்போது, வால்வு இருக்கும் பக்கத்துக் கனத்தால் பின்னோக்கி ஓர் ஆட்டம், முன்னோக்கி ஓர் ஆட்டம் என்று ஆடி, தொட்டில் அடங்குவதுபோல அடங்கும். வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில், மலாயாவின் குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவளுடைய தகரக் கொட்டகையில் நாற்பது சக்கரங்களுக்குக் குறையாமல் தொங்கும். சைக்கிள் கிடையாது, சீட்டு கிடையாது, மணி கிடையாது. சக்கரம் மட்டும். அதுவும் புதிது இல்லை. சிங்கப்பூரிலும் ஜோகூர் பாருவிலும் பந்தயம் ஓட்டுகிறவர்கள் ஒரு பருவம் ஓட்டிவிட்டுக் கழற்றிப் போட்ட சக்கரங்கள். ஊரில் புதுச் சைக்கிள் விற்கும் கடைகள் மூன்று இருந்தன. அவற்றின் முதலாளிகள்கூட அவசரத்துக்கு அவளிடம் ஆள் அனுப்புவார்கள்.

இந்தத் தொழிலை அவளுக்கு யாரும் காட்டித் தரவில்லை. கித்தா என்கிற ரப்பரின் விலை விழுந்த வருஷத்தில் அவள் இருந்த தோட்டத்தில் பாதிப் பேருக்கு வேலை நின்றது. பால்வெட்டிக்கொண்டிருந்த செல்லத்துக்கும் நின்றது, ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக் கூண்டில் வேலை பார்த்த அவள் கணவன் ஐயாசாமிக்கும் நின்றது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் கப்பலுக்குப் பெயர் கொடுத்தன. ஐயாசாமியும் கொடுக்கத்தான் போனார்.

"அங்க எனக்கு யாரு இருக்கா? நான் பொறந்தது இந்த மண்ணுல. நீங்க வேணா போய்ட்டு வாங்க" என்றாள் செல்லம். அவர் போகவில்லை.

அதே மாதம் தோட்டத்து உதவி நிர்வாகியான வெள்ளைக்காரச் சின்னத் துரைக்கும் வேலை போயிற்று. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவர். சாமான்களை விற்றபோது சைக்கிளை ஒரு கடைக்காரர் வாங்கிக்கொண்டார். கூடுதலாக இருந்த இரண்டு ஜோடிச் சக்கரங்களை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பங்களா வாசல் கூட்டப் போயிருந்த செல்லம் அவற்றை வெகுநேரம் பார்த்தாள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிகளும் தபால்காரர்களும் வைத்திருக்கும் சைக்கிள்களை அவள் கவனித்திருந்தாள். வண்டிச் சட்டம் பத்து வருஷம் உழைக்கும். செம்மண் சடக்குப் பாதையில் ஓடி ஓடிச் சக்கரம்தான் இரண்டே வருஷத்தில் செத்துப்போகும். புதிது வேண்டுமென்றால் சிங்கப்பூருக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் அவள் மனசில் எங்கோ கிடந்திருக்கிறது. ஆறு கோழிகளைக் கொண்டுபோய்த் துரையின் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, நான்கு சக்கரங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஐயாசாமி வாசலிலேயே மறித்தார். "முட்டை போடுற கோழியக் குடுத்துட்டு வளையத்த வாங்கியாந்திருக்கியே. இத ஆக்கித் திங்க முடியுமா?"

"முட்டையத் தின்னா தீந்துபோயிரும். இது அப்படி இல்ல."

பேச்சு பெரிதாகத்தான் இருந்தது. முதல் வியாபாரம் சந்தி சிரித்தது. தபால்காரர் லெட்சுமணன் ஆசையாக வாங்கிப் போன சக்கரம் அவர் சைக்கிளில் ஏறவில்லை. இரும்புத் தண்டு பிரேக் போட்ட வண்டிக்கு ஒரு வகை ரிம், கேபிள் பிரேக் வண்டிக்கு வேறு வகை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க அவர் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். மறுநாள் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, ஊரில் கண்ணில் பட்ட ஒவ்வொரு சைக்கிளையும் அளந்து குச்சியில் வெட்டுப் போட்டாள். நாலு வெட்டில் குளுவாங் ஊரின் எல்லாச் சைக்கிள்களும் அடங்கிவிட்டன. அதன் பிறகு அளவு தப்பிய சக்கரம் அவள் கையிலிருந்து போனதில்லை.

ஒரு சக்கரத்தை அவள் கடைசிக் கம்பிவரை பிரித்துப் போட்டாள். திரும்பப் பூட்டினாள். முட்டை மாதிரி வந்தது. மறுபடி பிரித்தாள். நாலாவது தடவை வட்டமாக வந்தது. கம்பிகளை நகத்தால் மீட்டிப் பார்த்தால் தளர்ந்தது ஒரு சத்தமும் இறுகியது ஒரு சத்தமும் போடும். இரண்டுக்கும் நடுவே எல்லாக் கம்பியும் ஒரே குரலில் பேசும்வரை அவள் விடமாட்டாள். சைக்கிள் கடைக்காரர்கள் கோட்டம் எடுப்பது என்று சொல்லும் அந்த வேலை, ஒரு வருஷத்தில் அவளுக்குத் தலை வாரிப் பின்னுகிற மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ரயிலேறி ஜோகூர் பாரு போவாள். அங்கே பந்தயக்காரர்கள் பழகும் திடலைப் பார்த்துக்கொண்ட ஜோன் என்பவர், கழற்றிப் போட்ட சக்கரங்களை அவளுக்காகச் சேர்த்து வைத்திருப்பார். அவள் பத்தில் ஆறைத்தான் எடுப்பாள். "மத்ததுக்கு என்ன கொறச்சல்? பளபளன்னுதான இருக்கு" என்பார் ஜோன். "பளபளப்புல யாரும் ஏறிப் போறதில்லைங்க" என்பாள். ஆறு சக்கரங்களைக் கயிற்றில் கோத்து மாட்டிக்கொண்டு அவள் ரயில் பெட்டிக்குள் நுழைந்தால், உள்ளே இருப்பவர்கள் தாமாகவே காலை மடக்கிக்கொள்வார்கள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அது ஐயாசாமிக்கும், தோட்டத்தில் அவளோடு பால்வெட்டிய இரண்டொரு பெண்களுக்கும்தான் தெரியும். எந்தச் சக்கரத்தையும் ஒரு பழைய வண்டிச் சட்டத்தில் பூட்டித் தான் ஒரு மைல் ஓட்டிப் பார்க்காமல் விற்கமாட்டாள். விடிந்ததும் ஐயாசாமியின் காற்சட்டையைப் போட்டு, அதன் மேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே உள்ள மண் பாதையில் ஓட்டிவிட்டு வருவாள். ஊருக்குள் ஒரு பொம்பளை சைக்கிள் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. அவளும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த முப்பத்தைந்தாம் வருஷம், மழை ஓய்ந்த சமயத்தில், காஹாங் பக்கத்துத் தோட்டத்து ஆசுபத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் மரியநாதன் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். முன் சக்கரம் செல்லம் விற்றது. செய்தி குளுவாங்குக்கு லாரியில் வந்தது; வந்து சேர்வதற்குள் அது, சக்கரம் ஓடும்போதே நொறுங்கிவிட்டது என்று ஆகியிருந்தது. மறுநாள் டிரெசருக்குப் பல்லும் போயிற்று என்றார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேர் அவளிடம் வாங்கிய சக்கரங்களைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் சாத்தினார்கள். லெட்சுமணன்கூட, "எனக்கு ஒண்ணும் ஆவல செல்லம்மா. ஆனா வீட்டுல பயப்படுறாங்க" என்று கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"சும்மா இரு. ஒரு மாசத்துல மறந்துருவாங்க" என்றார் ஐயாசாமி.

"அவங்க மறந்துருவாங்க. எனக்கு மறக்காதே. என் சக்கரம் ஏன் போச்சுன்னு நான் பாக்கணும்."

அன்றைக்கே காஹாங் போகும் லாரி ஒன்றில் ஏறிவிட்டாள். இரவு அங்கே தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிக்கொள்வதாகக் கணவனிடம் சொல்லிவிட்டுப் போனாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்புதான். ஒருவேளை தப்பு தன்னுடையதாக இருந்தால்? எந்தக் கம்பியைச் சரியாக முடுக்காமல் விட்டோம்? அப்படி இருந்தால் டிரெசர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொட்டகையைப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

தோட்டத்து ஆசுபத்திரிக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில் அந்தச் சக்கரம் கிடந்தது. டிரெசரைப் பார்ப்பதற்கு முன் அவள் அதைத்தான் பார்த்தாள். மடியில் வைத்து ரிம்மை ஒரு சுற்று விரலால் தடவினாள். வளைவு முழுவதும் ஒரே இடத்தில். அந்த இடத்தில் இரும்பு கல்லில் மோதி நசுங்கிய தழும்பு. மற்ற இடமெல்லாம் அவள் விட்டபடியே இருந்தது. கம்பிகளை மீட்டிப் பார்த்தாள். அடிபட்ட இடத்துக் கம்பிகளைத் தவிர எல்லாம் அதே குரலில் பேசின. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மரியநாதன் முறிந்த கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு ஆசுபத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்காரர், கண்ணைச் சுற்றிக் கரி பூசிய மாதிரி இருந்தது.

"டிரெசரய்யா, சக்கரம் மடங்கி நீங்க விழல. நீங்க எதுலயோ மோதி, அதனாலதான் சக்கரம் மடங்கியிருக்கு. பாலத்துச் சுவரா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "பாலத்துச் சுவர்தான். தூங்கிட்டேன்ம்மா. வண்டி மேலயே தூங்கிட்டேன்."

தோட்டத்தில் மலேரியாக் காய்ச்சல். முப்பது கட்டில் போடும் இடத்தில் ஐம்பத்தாறு பேர். மூன்று நாளாக அவர் படுக்கவில்லை. மேல்பிரிவு லயத்தில் ஒருத்திக்கு ஜன்னி கண்டுவிட்டதென்று ஆள் வர, மருந்தை எடுத்துக்கொண்டு போனவர் வழியில் கண்ணயர்ந்துவிட்டார். போன மாதம்தான் மருந்தறையில் உட்கார்ந்தபடி தூங்கியதற்காகப் பெரிய துரை அவரை எச்சரித்திருந்தார். இன்னொரு முறை என்றால் வேலை இல்லை.

"கிராணியார் வந்து என்ன ஆச்சுன்னு கேட்டாரு. சக்கரம் மடங்கிருச்சுன்னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். அது உங்க தலையில வந்து விடியும்னு நெனைக்கல."

செல்லத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாலு வருஷ உழைப்பு இந்த மனிதரின் ஒரு வார்த்தையில் போய்விட்டது. வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு கிழவர் தண்ணீர் கேட்டு முனகினார். மரியநாதன் எழுந்து போய், ஒற்றைக் கையால் அவர் தலையைத் தூக்கி, தம்ளரை முழங்காலுக்கு நடுவே இடுக்கி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். இவர் வேலையும் போனால் இந்த ஐம்பத்தாறு பேரை யார் பார்ப்பது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதில் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் தோன்றியதை இல்லையென்று தள்ள முடியவில்லை.

"அவளுக்கு என்ன ஆச்சு? ஜன்னின்னீங்களே?"

"பொழைச்சுட்டா. விழுந்த எடத்துலருந்து நடந்தே போயி மருந்து குடுத்தேன்."

முறிந்த கையோடு. செல்லம் சக்கரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம். என் சக்கரத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அடுத்த நாள் காலை, தோட்டத்து ஆபீஸ் வாசலில், ஆட்கள் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வந்து நின்ற நேரத்தில் அவள் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தைப் பிரித்தாள். ரிம்மைத் தரையில் வைத்துக் காலால் மிதித்து, முழங்காலில் கொடுத்து நிமிர்த்தினாள். இடுப்புப் பையில் கொண்டுவந்திருந்த ஏழு கம்பிகளை மாற்றினாள். ஒரு மணி நேரத்தில் சக்கரம் எழுந்து நின்றது.

பெரிய கிராணி அர்ச்சுனன் அதை மேலும் கீழும் பார்த்தார். "இத மறுபடி யாரு தலையில கட்டப் போறீங்க?"

"யாருக்கும் விக்கமாட்டேன். அடிபட்ட சக்கரம், விக்கக் கூடாது. ஆனா இது என்னைக் குளுவாங் வரைக்கும் கொண்டுபோய் விடும். உங்க சைக்கிள மட்டும் ஒரு நாளைக்குக் குடுங்க."

"யாரு ஓட்டுறது?"

"நாந்தான்."

நின்றவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். அர்ச்சுனன் சிரிக்கவில்லை, சைக்கிளைக் கொடுத்தார். "ரப்பர் ஷீட்டு லாரி இப்ப கெளம்புது. டிரெசரும் கையக் காட்ட அதுலதான் குளுவாங் ஆசுபத்திரிக்கு வராரு. மூணாவது மைல்ல எறங்கி நில்லுங்க, ஏத்திக்கிறோம்" என்றார்.

இருபது மைலுக்குச் சற்றுக் கூடுதலான வழி. சைக்கிளின் முன்னால் அந்தச் சக்கரத்தைப் பூட்டி, சேலையை உயர்த்திச் செருகி, கடன் வாங்கிய காற்சட்டையோடு அவள் புறப்பட்டாள். மூன்றாவது மைலில் நிற்கவில்லை. மழை அரித்த செம்மண்ணில் வரி வரியாகப் பள்ளம். பலகைப் பாலம் ஒன்றில் பலகைகளுக்கு நடுவே சக்கரம் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அதைக் கோணலாகக் கடந்தாள். ஒரு மேட்டில் மட்டும் இறங்கித் தள்ளினாள். எதிரே வந்த மலாய் மாட்டுவண்டிக்காரர் ஒருவர், வியப்பில் "அலமாக்" என்று வாயைப் பிளந்தபடி வண்டியையே ஓரம் கட்டி வழி விட்டார். பன்னிரண்டாம் மைலில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. அவள் நின்றுவிட்டால் ஏற்றிக்கொள்ள லாரி பின்னாலேயே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் ஏறிக்கொள்ளத் தோன்றும் என்று அவள் திரும்பவே இல்லை. இறக்கங்களில் முன் சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டாள். முறுமுறுப்பு இல்லை, தட்டல் இல்லை. இது நான் பூட்டியது, நான் பூட்டியது என்று அவளுக்குள்ளே ஒரு தாளம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று குளுவாங்கில் பாசார் என்னும் சந்தை கூடும் நாள். பகல் பதினொரு மணி சுமாருக்கு, முழங்கால் வரை செம்மண் அப்பிய செல்லம், கடைத்தெரு நடுவில் சைக்கிளில் வந்தாள். சீனன் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கோப்பையோடு எழுந்தார்கள். ஐயாசாமி எதிர்க்கடையில் உப்புக்கண்டம் வாங்கிக்கொண்டிருந்தார். அதைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வந்தார். அவர் திட்டுவார் என்று கூட்டம் எதிர்பார்த்தது. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா எறங்கு" என்று மட்டும் சொன்னார்.

செல்லம் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். "லெட்சுமணன் அண்ணே, தீக்குச்சி இருக்கா? ரிம்முக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க."

தபால்காரர் குனிந்து குச்சியைப் பிடித்தார். சக்கரம் அதைத் தொடாமல் ஓடியது. ஒரே ஓர் இடம் வரும்போது மட்டும் லேசாக உரசி 'டிக்' என்றது.

"அங்கதான் மடங்குச்சு. இன்னைக்குக் காலையில நிமித்துனது. அதனாலதான் இத விக்கமாட்டேன்னு சொல்றேன். அடிபட்டதே காஹாங்லருந்து வந்திருக்கு. அடிபடாதது உங்க வீட்டுல இருக்கு. ஓட்டுறதும் சாத்தி வைக்கிறதும் உங்க இஷ்டம்."

லாரியிலிருந்து இறங்கி வந்த மரியநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எல்லாரும் கேளுங்க, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"டிரெசரய்யா, கை வீங்கியிருக்கு. மொதல்ல ஆசுபத்திரிக்குப் போங்க" என்று செல்லம் குறுக்கே பேசினாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

திருப்பிக் கொடுத்த இரண்டு பேரும் மறு வாரம் வந்தார்கள். அவர்களுடைய சக்கரங்களையே, குறைகளை மறுபடி முதலிலிருந்து சொல்லி, அவள் கொடுத்தாள். காஹாங் தோட்டத்திலிருந்து ஒரே மாதத்தில் ஒன்பது ஜோடி கேட்டு ஆள் வந்தது. இனி ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒளிந்து ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஸ்டேஷன் சடக்கிலேயே, பட்டப்பகலில், ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு மைல் ஓட்டிக் காட்டிவிட்டு விற்றாள். முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் சக்கரம் வாங்க அவர்களும் அங்கேதான் வந்தார்கள். யாராவது புதியவர் ரயிலடியில் விலாசம் கேட்டால், ஐயாசாமி தன் பெயரைச் சொல்வதில்லை. "சக்கரக்காரியோட வீட்டுக்காரரு நான்" என்று சொல்லித்தான் கூட்டி வருவார்.

மூன்று வருஷம் கழித்து மூவாரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மரியநாதன் அங்கே வேறு வேலைக்கு மாறிப் போயிருந்தார். ஐயாசாமி எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். தூங்கிப்போனது, பாலத்துச் சுவர், துரையின் எச்சரிக்கை என்று எல்லாவற்றையும் அவர் எழுதியிருந்தார். இனி யாருக்கு வேண்டுமானாலும் இதைக் காட்டலாம் என்றும் எழுதியிருந்தார். படித்து முடித்த ஐயாசாமி மனைவியைப் பார்த்தார்.

"மூணு வருஷமா எங்கிட்டகூட சொல்லலியே."

"உங்ககிட்டச் சொன்னா கோப்பிக்கடைக்கே சொன்ன மாதிரி."

அவர் சிரித்துவிட்டார். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, கடிதத்தைக் கையில் பிடித்தபடி கிளம்பினார். "இப்பப் போய் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுறேன். லெட்சுமணன் காதுல விழணும்."

செல்லம் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

"அவங்க என் சக்கரத்த நம்பி வாங்குறாங்க. காயிதத்த நம்பி வாங்க வேணாம். அந்தக் கம்பி முடுக்குற சாவிய எடுங்க, சாயங்காலத்துக்குள்ள இந்த ஜோடிய முடிக்கணும்" என்றாள்.